வீடு சோதிப்போர்க்குரிய பயிற்சி

வேனிற் பருவத்தில் ஏற்காட்டிற்கு வந்து, உலர்ந்த சுவரைக் கண்டு மகிழ்ந்து, வாழ்நாட் சேமிப்பையெல்லாம் ஈந்து வீடு வாங்குவோர் பலர். இவர்க்காக வீட்டைச் சோதித்துரைக்கும் தொழிலை நம் மாணவர் சிலர் நாடுவது நன்றே. ஆனால் இத்தொழிற்கெனத் தனி உரிமச் சட்டம் நம் நாட்டில் இல்லாமையால், சில நாட் பயிற்சிக்கும் சான்றிதழ் கிடைக்கின்றது. அதனோடு அமைதல் தகாது. சேலத்தில் 1958-இல் தோன்றிய தியாகராஜர் பாலிடெக்னிக் போன்றதோரிடத்துச் சிவில் டிப்ளமாவே உறுதியான அடிப்படை. ஆயினும் நூலறிவு மட்டும் சேர்வராயன் மலைக்குப் போதாது. சரிவை வெட்டி எழுப்பிய வீட்டில், பின்னுள்ள தடுப்புச் சுவரையே முதலில் நோக்கல் வேண்டும். அதன் நீர்வடி துளைகள் அடைபட்டால் மழைநீர் தேங்கி, மண் கனத்துச் சுவரைத் தள்ளும். ஆகவே, “ஐப்பசி மழையில் எம்மை மலைக்கு அழைத்துச் செல்வீரோ?” என்று பயிற்சியாளரை வினவுமின், கட்டணத்தைப் பின்னர்க் கேட்கலாம்.