மருந்து யாருடைய சொத்து?

மனிதனுடைய உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரு புது மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று கேட்டால் எல்லோரும் சந்தோஷப்படுவது சகஜம். ஆனால் மருந்து உலகத்தில் இருக்கிறது என்பதற்கும், அது ஏழை நோயாளியின் வாயில் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பற்றி நம் மக்கள் சிந்திப்பதே கிடையாது. "காசு இருந்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் அவன் விதி" என்று ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அந்த விதி எங்கே, யாரால், எந்தக் காகிதத்தில் எழுதப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிக் காட்டவே இதை எழுத முன்வந்தோம். அதற்கு உதாரணமாக க்ஷயம் என்றும் காசநோய் என்றும் சொல்லப்படுவதை எடுத்துக்கொள்வோம்.

இந்நோய் பூர்வஜென்ம பாவத்தினால் வருகிறதென்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1882-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்கிற வைத்திய நிபுணர், இது ஒரு கிருமியினால் வருகிறதென்று கண்ணுக்கு நேரே காட்டிவிட்டார். அன்றோடு பாவத்திற்கும் இந்நோய்க்கும் இருந்த சம்பந்தம் அறுந்துபோயிருக்க வேண்டும். ஆனாலும் இன்றைக்கும் பெண்ணுக்கு இந்நோய் என்றால் கல்யாணம் நின்றுபோகுமே என்று மறைக்கிறவர்களும், கயிறு கட்டிவிட்டு ஆறு மாதம் சும்மாயிருக்கிறவர்களும் நம் நாட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். கிருமி ஜாதி பார்ப்பதில்லை. ஆனால் காற்று நுழையாத குடிசையையும் அரைவயிற்றையும் அது நன்றாய்ப் பார்க்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2023-ல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டிருக்கிறது. 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டிருக்கிறார்கள். நோய் கண்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் உள்ளவர்கள்.

நிற்க, இந்நோய்க்கு மருந்து கிடைத்த வரலாற்றைப் பார்ப்போம். 1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆராய்ச்சி சாலையில், ஷாட்ஸ் என்கிற இளைஞர் மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். அதைச் செய்து விற்கும் ஏகபோக உரிமை மெர்க் என்னும் கம்பெனியிடம் இருந்தது. இது ஒரு கம்பெனியிடம் அடங்கியிருக்கத்தக்கதல்லவென்று வாக்ஸ்மன் கேட்டுக்கொண்டதன்பேரில் அக்கம்பெனி அந்த ஏகபோகத்தை விட்டுக்கொடுத்தது. இதைச் செய்த கம்பெனி வாழ்க என்று சொல்ல நமக்குத் தடையில்லை.

அடுத்த மருந்தாகிய ஐசோனியாசிட்டின் கதைதான் மிகவும் வேடிக்கையானது. 1952-ல் மூன்று பெரிய கம்பெனிகள், அதாவது ரோஷ், ஸ்குவிப், பேயர் ஆகியவை, ஒன்றுக்கொன்று தெரியாமலே இந்த ஒரே பொருள் காசநோய்க் கிருமியைக் கொல்லுகிறதென்று கண்டன. மூவரும் உரிமைப் பட்டயம் வாங்க ஓடிப்பார்த்தார்கள். ஆனால் அந்தப் பொருளை 1912-லேயே ப்ராக் நகரத்தில் மேயர், மால்லி என்கிற இருவர் பட்டப் பரீட்சை ஆராய்ச்சிக்காகச் செய்து, எழுதியும் வைத்துவிட்டிருந்தார்கள்! அதனால் காசநோய் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமற்போனதே உலகத்திற்கு நல்லதாய் முடிந்தது. யாரும் "இது என்னுடையது" என்று சொல்ல முடியாமற்போனதால், அம்மருந்து பிறந்தது முதலே மலிவாயிருந்தது. அந்த மலிவினால்தான் 1956-ல் நம் சென்னையிலேயே ஒரு பெரிய பரீட்சை நடத்த முடிந்தது. காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று அதுவரை உலகமே நம்பியிருந்தது. சென்னை ஆராய்ச்சி நிலையத்தார் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவு ஆகாரமும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்தும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாயிற்று. 1959-ல் இம்முடிவு வெளியானதும் உலக வைத்தியமே மாறிப்போயிற்று. பணக்காரனுடைய மலைவாசமும் பாலும் முட்டையும் இல்லாமலே ஏழை பிழைக்கலாம் என்று ரூபித்துக் காட்டியது சென்னைப் பட்டணத்து ஏழைகளின் உடம்புதான் என்பதை நம்மவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

1965-ல் ரிஃபாம்பிசின் வந்தது. அதற்குப் பிறகு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. 40 வருஷத்துக்கு மேலாகப் புதுவிதமான காசநோய் மருந்து ஒன்றுகூட வைத்திய சாலைக்கு வந்து சேரவில்லை. கிருமிகள் சும்மாயிருக்கவில்லை; பழைய மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறிக்கொண்டே வந்தன. அப்படிப்பட்ட நோய் கண்டவர்களுக்கு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று மருந்து கொடுத்து, அதில் பல மாத காலம் தினமும் ஊசியும் போட்டார்கள். அந்த ஊசியில் பலருக்குக் காது செவிடாயிற்று. உயிர் வேண்டுமா, காது வேண்டுமா என்று கேட்கும்படியான வைத்தியம் அது. இதே 40 வருஷங்களில் கொழுப்புக்கும், ரத்தக் கொதிப்புக்கும், வழுக்கைத் தலைக்குங்கூட மருந்துகள் வந்து கொண்டிருந்தன. கம்பெனிகளுக்கு அறிவு இல்லாமலா இருந்தது? உரிமைச் சட்டந்தான் இல்லாமலிருந்ததா? எல்லாம் இருந்தன. நோயாளியிடம் காசுதான் இல்லை. இலாப ஆசை இருந்தால்தான் புது மருந்து பிறக்கும் என்று சொல்லுகிறவர்கள் முதலில் இந்த 40 வருஷத்திற்குப் பதில் சொல்லட்டும்.

கடைசியில் ஜான்சன் அண்டு ஜான்சன் என்னும் பெரிய கம்பெனியின் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சி சாலையில், ஆண்ட்ரீஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் பெடாகுவிலின் என்னும் மருந்தைக் கண்டு 2005-ல் உலகுக்கு அறிவித்தார்கள். கிருமிக்குப் பலம் உண்டாக்குகிற இயந்திரம் போன்ற ஒரு பாகத்தையே இது நிறுத்திவிடுகிறது. 2012 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அதற்கு உத்தரவு கொடுத்தது. இது மெய்யாகவே பெரிய காரியம். அந்த விஞ்ஞானிகளின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது நமது எண்ணமல்ல. நாம் கேட்பதெல்லாம் அதன் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

ஆறு மாத மருந்துக்குக் கம்பெனி வைத்த விலை, ஏழை நாடுகளுக்கு 900 டாலர், நடுத்தர நாடுகளுக்கு 3,000 டாலர், பணக்கார நாடுகளுக்கு 30,000 டாலர். ஒரே மாத்திரைக்கு மூன்று விலை! அதைச் செய்ய என்னதான் ஆகும் என்று 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, நியாயமான இலாபமும் சேர்த்தே 48 முதல் 102 டாலருக்குள் முடிந்துவிடும் என்றார்கள். "ஆராய்ச்சிக்குச் செலவு செய்தோமே" என்று கம்பெனியார் சொல்லலாம். சரி, அதையும் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த மற்றொரு கணக்கின்படி இம்மருந்தை வளர்த்துப் பரீட்சை செய்ததில் கம்பெனி போட்ட பணத்தைவிட, வரிப்பணமும் தர்மப்பணமுமாகப் பொதுஜனங்கள் போட்டதே அதிகம். அதோடு அமெரிக்க சர்க்கார் இந்த மருந்துக்காக ஒரு வெகுமதிச் சீட்டும் கொடுத்தது. அந்தச் சீட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் வேறொரு மருந்தைச் சீக்கிரமாகப் பரிசீலிக்கச் செய்துகொள்ளலாம். கம்பெனி அதை எதற்கு உபயோகித்தது தெரியுமா? சொரியாசிஸ் என்னும் தோல் வியாதிக்கான ஒரு விலையுயர்ந்த மருந்துக்கு. காசநோய்க்காரன் பெயரால் வாங்கிய சீட்டு, காசுள்ளவன் நோய்க்குக் கதவு திறந்தது.

நம் நாட்டில் 2016-ல் ஆறே ஆறு ஆஸ்பத்திரிகளில் இம்மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வேறு மாகாணத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்கு, டில்லியில் குடியிருக்கவில்லை என்கிற காரணத்தால் மருந்து மறுக்கப்பட்டது. தகப்பனார் ஹைகோர்ட்டுக்குப் போய் 2017 ஜனவரியில் மருந்து கிடைக்கும்படி செய்தார். காலங்கடந்துவிட்டது, 2018-ல் அப்பெண் இறந்துபோனாள். அவளுக்கு விதி எழுதியவன் யார்?

இன்னொரு சங்கதி. உரிமைப் பட்டயம் என்பது 20 வருஷத்துக்கு. பெடாகுவிலினுக்கு அது 2023 ஜூலையில் முடிய வேண்டியது. ஆனால் கம்பெனி, அதே மருந்தின் ஒருவகை உப்புக்குத் தனிப் பட்டயம் கேட்டது. கிடைத்திருந்தால் 2027 வரை ஏகபோகம் நீண்டிருக்கும். பழைய சரக்கிலே கொஞ்சம் உப்பைச் சேர்த்து இன்னும் நான்கு வருஷத்துக்குக் கப்பம் வாங்குகிற வித்தை இது. இதை எதிர்த்து 2019-ல் விண்ணப்பம் போட்டவர்கள் மந்திரிகளுமல்ல, எம்.பி.க்களுமல்ல. அந்தப் பழைய வைத்தியத்திலே காது கேட்கும் சக்தியை இழந்து பிழைத்த இரண்டு பெண்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்தவர், மற்றவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர். 1970-ம் வருஷத்து நம் நாட்டுப் பட்டயச் சட்டத்தில் 2005-ல் திருத்திய 3(டி) என்கிற பிரிவு, தெரிந்த ஒரு மருந்தின் புது உருவத்துக்கு, அதனால் குணம் கூடுதலாகாவிட்டால், தனிப் பட்டயம் கிடையாது என்கிறது. 2023 மார்ச்சில் பட்டய அதிகாரி கம்பெனியின் மனுவைத் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஆகாயம் இடிந்து விழுந்ததா? ஆராய்ச்சி சாலைகளைப் பூட்டிவிட்டார்களா? அந்த வருஷம் ஆகஸ்டிலேயே ஆறு மாத மருந்தின் விலை 130 டாலருக்கு வந்துவிட்டது. அதையும் அந்தக் கம்பெனியே கொடுத்தது! செப்டம்பரில், 134 நாடுகளில் மற்றப் பட்டயங்களை வைத்துக்கொண்டு யாரையும் தடுக்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டது. 900-க்குக் குறைந்தால் முடியாதென்று ஆரம்பித்த சரக்கு 130-க்கு முடிந்ததென்றால், இடையிலிருந்த வித்தியாசத்திற்குப் பெயர் என்னவென்று வாசகர்களே சொல்லட்டும்.

இதற்கு நம் படித்த கூட்டத்தார் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். "இலாபத்தைக் குறைத்தால் நாளைக்கு யார் மருந்து கண்டுபிடிப்பார்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான்; தட்டிக்கழிக்கக்கூடாது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். பத்து மருந்து தோற்றால் ஒன்று ஜெயிக்கிறது. அந்த நஷ்டத்தை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதை ஏற்க வேறு வழியே இல்லையா? பெடாகுவிலினோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ப்ரெடோமானிட் என்னும் மருந்தை வளர்த்து 2019-ல் உத்தரவு வாங்கியது இலாபம் கருதாத ஒரு ஸ்தாபனம். அதைச் செய்யும் உரிமையைப் பல கம்பெனிகளுக்கும் கொடுத்தார்கள். இவ்விரண்டும் வேறு இரண்டும் சேர்ந்த வைத்தியத்தினால், இரண்டு வருஷ வைத்தியம் ஆறு மாதமாகக் குறைந்தது. 2022-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் இதை ஏற்றுக்கொண்டது. ஊசி போயிற்று, காதும் பிழைத்தது. ஆகவே பொதுப்பணத்தைப் போட்டுப் பொதுச்சொத்தாகவே மருந்தை வளர்க்க முடியும் என்பது இனி யாரும் ரூபிக்கவேண்டிய காரியமல்ல, நடந்துமுடிந்த காரியம்.

மருந்து மட்டுமல்ல, நோயைக் கண்டுபிடிக்கிற கருவியிலும் இதே கதைதான். 100 வருஷத்துக்கு மேலாகச் சளியைக் கண்ணாடியில் தடவிப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி நோயாளிகள் தப்பிப்போவார்கள். ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் இயந்திரம் வந்தபின், கிருமி உண்டா என்பதும், அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதும் இரண்டு மணி நேரத்தில் தெரிகிறது. இதை வளர்க்கவும் சர்க்கார் பணமும் தர்மப்பணமும் 25 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் வேண்டிய குப்பியின் விலை 2012 முதல் 11 வருஷம் 9 டாலர் 98 காசிலேயே நின்றது. செய்கிற செலவு 5 டாலருக்குள் என்று எல்லையற்ற மருத்துவர்கள் சங்கத்தார் கணக்குக் காட்டிச் சண்டை போட்டபின், 2023 செப்டம்பரில் 7 டாலர் 97 காசாயிற்று. இதற்கிடையில் கோவாவிலுள்ள ஒரு கம்பெனி, மின்சாரம் அடிக்கடி நிற்கிற ஊர்களிலும் பாட்டரியில் ஓடக்கூடிய ட்ரூநாட் என்னும் சிறு இயந்திரத்தைச் செய்து, 2020-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசையும் பெற்றது. வெள்ளைக்காரனால்தான் முடியும் என்று கைகட்டி நிற்கிற மனப்பான்மைக்கு இது நல்ல பதில். ஆனால் நம் ஊர்க் கம்பெனி என்பதற்காக அதன் விலையைக் கேட்காமல் இருந்துவிடக்கூடாது; முதலாளி உள்ளூரா வெளியூரா என்று நோயாளியின் மடி பார்ப்பதில்லை.

விலை குறைந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. 2024-ன் ஆரம்பத்தில், பட்டயமும் ஏகபோகமும் ஒன்றுமில்லாத சாதாரண காசநோய் மருந்துகளுக்கே நம் நாட்டில் பல இடங்களில் தட்டுப்பாடு ஏற்பட்டது. இதற்கு எந்த அந்நியக் கம்பெனியையும் குற்றஞ்சொல்ல முடியாது. மருந்தை வாங்கி வைக்கவேண்டிய சர்க்கார் இலாகாவின் அலட்சியத்தைத்தான் சொல்லவேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் உள்ள நம் தோழர்கள், தங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் இந்த இயந்திரம் இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா, குப்பியும் சில்லும் கையிருப்பில் எத்தனை, ஆறு மாத மருந்து முழுவதும் வருகிறதா என்று நேரில் போய்க் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று சொன்னால், எப்போது வரும் என்பதை எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் வீட்டில் இருந்தால், வெட்கப்படாமல் அவரையும் கூடவே அழைத்துக்கொண்டு போகலாம்.