நோயைத் தவிர வேறு பேச ஒரு பொருள்

நெடுநாள் சிகிச்சை பெறுவோரைக் காண வருகிறவர்கள் பழங்களும் சத்துமாவும் கொண்டுவருகிறார்கள். ஓர் அஞ்சல்தலைத் தொகுப்பேட்டையும் கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

என் தந்தையாருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடைபெறுகிறது. தொடக்க மாதங்களில் எங்கள் உரையாடல் முழுவதும் குடித்த நீரின் அளவு, உப்பு, கிரியாட்டினின் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருந்தது. நான் கண்காணிப்பவன், அவர் கண்காணிக்கப்படுபவர் என்றாகி, தந்தை மகன் உறவு எங்கோ ஒதுங்கிவிட்டது.

ஒருநாள் அவருடைய பழைய தொகுப்பேட்டை எடுத்துச் சென்றேன். ஊசி ஏற்றிய கையை அவர் அசைக்க இயலாது. எனவே நான் பக்கங்களைப் புரட்டினேன்; அவர் விளக்கினார். 1962இல் வெளியான இராமானுஜன் நினைவு அஞ்சல்தலையைக் கண்டதும், அம்மேதை நோயுற்றிருந்த நிலையிலும் 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து இங்கிலாந்திலிருந்த ஹார்டிக்குத் தம் புதிய கணித ஆய்வைக் கடிதமாக எழுதியனுப்பிய வரலாற்றைச் சொன்னார். அடுத்த பக்கத்தில், அதே 1962இல் மலேரியா ஒழிப்பை முன்னிட்டு இந்தியாவும் பல நாடுகளும் வெளியிட்ட அஞ்சல்தலைகள் இருந்தன. அந்த நான்கு மணி நேரமும் அவர் ஆசிரியராகவும் நான் மாணவனாகவும் இருந்தோம்.

இப்போது முதல் நாள் உறைகளையும் சேர்க்கிறோம். புதிய அஞ்சல்தலையை அழகிய உறையில் ஒட்டி, அது வெளியாகும் நாளுக்கென்றே வடிவமைத்த முத்திரையை இட்டுத் தருவதே முதல் நாள் உறை. பரிசோதனைத் தேதிகளால் நிறைந்த எங்கள் நாட்காட்டியில், ஆவலுடன் எதிர்நோக்க வேறொரு தேதியும் இடம்பெற்றுவிட்டது.

இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்பர் சிலர். புதிய அஞ்சல்தலைகள் அஞ்சல் துறையின் சேகரிப்பு மையங்களில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கின்றன. பிற்காலத்தில் பெருவிலை போகும் என்று எண்ணிச் சேர்ப்பதுதான் தவறு. பெரும்பாலானவை அவ்வாறு விலை ஏறுவதில்லை.

பழைய தாள்களில் தூசு படியும் என்னும் அச்சம் நியாயமானது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். புதிய உறைகளை நெகிழி உறைக்குள் இட்டுப் பார்ப்பது நன்று.

இச்சேகரிப்பு நோயைத் தீர்க்காது. என் தந்தையாரின் கிரியாட்டினின் அளவும் இதனால் குறைந்துவிடவில்லை. ஆயினும், துணைக்கு அமர்ந்திருக்கும் அன்பர்களே, உங்கள் நோயாளி உங்களுக்குச் சொல்லித்தரக் கூடியவை இன்னும் நிறைய உண்டு. அவற்றைக் கேட்பதற்கு ஒரு வாயிலை நீங்கள்தாம் திறந்து வைக்க வேண்டும்.