முல்லைக்குப் பெயர்சூட்ட அயலார் வரவேண்டுமா?

அண்மையில் இராசபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உழவர் பயிற்சிக் கூட்டமொன்று நடந்தது. பேசவந்த அலுவலர் ஒருமணி நேரத்தில் ‘அக்ரோ பாரசுட்ரி’ என்னும் சொல்லை எத்தனைமுறை பலுக்கினாரோ, எண்ணி மாளவில்லை. பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, வரப்புல வேம்பு நிக்கணும், உள்ள பயிரு நிக்கணும், அறுத்த தாள ஆடு மேயணும். அதத்தான சொல்றீங்க?” என்றார். அலுவலர் “ஆம்” என்றார். “இத எங்க தாத்தாவே செஞ்சாரே!” என்று சொல்லி முதியவர் அமர்ந்தார். அவையோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலரை நான் குறைகூறவில்லை. அவர் கற்ற கல்வி அத்தகையது. மரமும் பயிரும் கால்நடையும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை அயல்நாட்டார் கண்டுபிடித்ததாகவே அவருக்குக் கற்பித்திருக்கின்றனர். இதற்கென ஒரு பன்னாட்டு ஆராய்ச்சி மன்றம் 1978-இல் அமைந்து, ஆப்பிரிக்காவின் நைரோபியில் நிலைகொண்டது. நடுவணரசு 2014-இல் தனிக்கொள்கையே வகுத்தது. 2016-17-இல் அது திட்டமாகி இறங்கியபோது எம்மொழியில் இறங்கிற்று? ‘அர் மேட் பர் பேட்’ என்னும் இந்தி முழக்கமாக இறங்கிற்று! ‘வரப்புதோறும் மரம்’ என்பதே அதன் பொருள். இரண்டே தமிழ்ச் சொற்களில் முடிவதைச் சொல்ல, நம் வரப்புக்கு இந்தி வரவேண்டுமாம்!

ஆராய்வோர் ஆராயட்டும், கொள்ளத்தக்கது எங்கிருந்து வரினும் கொள்வோம். ஆனால், நம் வீட்டுப் பிள்ளையை நமக்கே புதியவனாக அறிமுகஞ் செய்வதைப் பொறுக்கலாமா?

தொல்காப்பியர் நிலங்களின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து, உணவையும் மரத்தையும் விலங்கையும் தொழிலையும் ஒரே நிரலில் வைத்தார். காடும் காடுசார்ந்த இடமும் முல்லை. அங்கே மரம் கொன்றையும் குருந்தும். உணவு வரகும் சாமையும். தொழில் ஆநிரை மேய்த்தல். மரம், பயிர், கால்நடை மூன்றும் வந்தனவா, இல்லையா? மேலையோர் இருசொற்களை ஒட்டவைத்துச் சொல்வதை நம் முன்னோர் ஒரு பூவின் பெயரால் சொல்லிவிட்டனர். ஆயர்பாடியைத் தமிழிற் பாடிய ஆண்டாளின் ஊராகிய திருவில்லிபுத்தூரிலா இதற்கு அயற்பெயர் தேடுவது?

‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று எள்ளுவோர் நிலத்திற்கு வந்து பார்க்கட்டும். அறுவடை முடிந்த புன்செய்யில் ஆட்டுக்கிடை போடுகிறார்களே, அது என்ன? பகலெல்லாம் தாளும் தழையும் மேய்ந்த ஆடுகள் இரவெல்லாம் அந்நிலத்திலேயே அடைந்துகிடக்க, புழுக்கையும் நீரும் மண்ணுக்கு உரமாகின்றன. கிடைக்காரருக்கு உழவர் தவசமோ பணமோ தருகிறார். கரிசல் எழுத்தாளர் கி. இராசநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறும்புதினம் எழுதியுள்ளார்.

வரப்பிற் பனையை ஏன் வைத்தனர்? உயர்ந்து நின்று குறைந்த நிழலே தருவதால் பயிர் குன்றாது. வேம்பை விதைப்புக்கு முன் ஏன் கழித்தனர்? வெயில் பயிருக்கு, தழை ஆட்டுக்கு. கோடையில் புல் கருகியபின் குடைவேலத்தின் நெற்றுகள் ஆடுகளைக் காத்தன. மழை பொய்த்துப் பயிர் போனாலும் மரமும் ஆடும் எஞ்சின. வானம்பார்த்த நம் மாவட்டத்தில் குடும்பத்தை ஊர்விட்டுப் போகாமல் நிறுத்திய முதல் இதுதான்.

கொங்குநாட்டுக்குப் போனால் காங்கேயத்துக் கொறங்காடு காண்பீர்கள். கிளுவையை உயிர்வேலியாக்கி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேலத்தை நிறுத்திய மேய்ச்சல் நிலம் அது. புகழ்பெற்ற காங்கேயம் காளை அந்தப் புல்லை மேய்ந்து வளர்ந்தது. எந்த நைரோபி வந்து இதைக் கற்றுக்கொடுத்தது?

பின் ஏன் மறந்தோம்? ஒன்றாயிருந்ததைத் துண்டாக்கினார்கள். 1882-இல் ஆங்கிலேயர் இயற்றிய சென்னைக் காட்டுச் சட்டம் மலைக்காடுகளை அரசுக்கென ஒதுக்கி, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு விதித்தது. மரம் காட்டுத்துறைக்கு, பயிர் வேளாண்துறைக்கு, மாடு கால்நடைத்துறைக்கு என்றாயிற்று. காட்டைக் காப்பது பிழையன்று. 1988-இல் திருவில்லிபுத்தூர் மலையில் நரைத்த அணிலுக்குப் புகலிடம் அமைந்ததையும், 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிக்காப்பகம் ஆனதையும் வரவேற்கிறேன். ஆனால், காடென்பது வேலிக்கு அப்பாலுள்ளது மட்டுமே என்று உழவனை நம்பவைத்ததுதான் கேடு. அவன் வரப்பு மரங்களை வெட்டினான். அயலிலிருந்து வந்த சீமைக்கருவேலம் வெற்றிடத்தை நிரப்பிற்று.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். பெயரின் பாதி வடபுலச் சொல் என்பதிருக்கட்டும். பாலுக்கு மாடு வேண்டாவா? மாட்டுக்குத் தழையும் புல்லும் வேண்டாவா? சட்டியைப் போற்றி மேய்ச்சல் நிலத்தை மனையாக்கி விற்பவன் தாயை விரட்டிப் பிள்ளையைக் கொஞ்சுபவன் அல்லனா?

தனித்தமிழ் அன்பர்களே! நம் பிழையையும் சொல்லிவிடுகிறேன். ‘அக்ரோ பாரசுட்ரி’யை ‘வேளாண்காடு’ என்று பெயர்த்துவிட்டால் கடமை முடிந்ததென்று நினைக்கிறோம். வகுப்பறையில் முல்லைத்திணையை முப்பது ஆண்டுகளாக நடத்தும் நானே, மாணவரைக் கிடை கிடக்கும் புன்செய்க்கு ஒருநாளும் அழைத்துச் சென்றதில்லை. தேர்வுக்கு முல்லையை எழுதிய பிள்ளைக்கு வெள்வேலம் எது, குடைவேலம் எது என்று தெரியாது. மரம் போனால் பெயர் போகும். பெயர் போனால் அதனை வளர்க்கும் அறிவும் போகும். பின்பு அவ்வறிவை அயலானிடம் அயற்சொல்லிற் கடன்வாங்குவோம். கூட்டத்தில் நடந்தது அதுவே.

எனவே கேட்போம்: உழவன் கையில் தரும் ஒவ்வொரு தாளும் தமிழில் இருக்கட்டும். மரம், பயிர், மாடு மூன்றுக்கும் மூன்று அலுவலகம் ஏறியிறங்கும் நிலை ஒழியட்டும். கொறங்காடும் கிடையும் பாடநூலில் ஏறட்டும். செய்வோம்: முதியவரிடம் போய் மரப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் எழுதிக்கொள்வோம். நிலமுள்ளவர் வரப்பில் ஒரு பனையேனும் ஒரு வேம்பேனும் ஊன்றுவோம்.

தமிழைக் காப்போம் என்று முழங்கும் வாய்க்கு, மண்ணில் ஒரு கன்றேனும் நட்ட கை துணைநிற்கட்டும்!