அதான் நம்பர் இருக்கே

அலுவலக நண்பர் ஒருவர் லேப்டாப் வாங்குவதற்காக மூன்று பிராசஸர்களின் கீக்பெஞ்ச் எண்களை எக்செலில் போட்டுக்கொண்டு வந்தார். "பாஸ், இதுல எது பெஸ்ட்?" என்ன வேலைக்கு என்று கேட்டேன். "அதான் நம்பர் இருக்கே" என்றார். எனக்குச் சண்டை இந்த வாக்கியத்தோடுதான்.

2024 தொடக்கத்தில் ஸ்பெக் அமைப்பு, தான் வெளியிட்டிருந்த 2600-க்கும் மேற்பட்ட பெஞ்ச்மார்க் முடிவுகளை ஏற்க முடியாதவை என்று அறிவித்தது. எல்லாமே இன்டெல் கம்பைலர் கொண்டு எடுத்தவை. ஸ்பெக் சிபியு 2017 தொகுப்பில் எக்ஸ்எம்எல் கோப்புகளை உருமாற்றும் ஒரு நிரல் உண்டு. அதன் கோடும் டேட்டாவும் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பெரும்பாலும் அதற்கு மட்டுமே உதவக்கூடிய ஒரு மாற்றத்தைக் கம்பைலர் செய்தது. பிராசஸரில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. எண் மட்டும் ஏறிவிட்டது.

உடனே "இன்டெல்காரன் ஏமாத்திட்டான்" என்று மீம் போட்டோம். ஏமாற்றுவது புதிதா என்ன? 2013-ல் கேலக்ஸி எஸ்4 போன், சில பெஞ்ச்மார்க் ஆப்கள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் சிப்பை 532 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொண்டது. மற்ற விளையாட்டுகளுக்கு 480தான். இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் வெள்ளையடித்த பள்ளிக்கூடம் மாதிரி.

ஆனால் எல்லாக் கதையும் இவ்வளவு சுலபமில்லை. 1989-ன் முதல் ஸ்பெக் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு நிரல் இருந்தது. அணிகளைப் பெருக்குவதுதான் அதன் வேலை. கணக்கைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கேஷ் நினைவகத்துக்குள்ளேயே முடிக்கக் கம்பைலர்கள் கற்றுக்கொண்டன. வேகம் பல மடங்கு எகிறியது. 1992 தொகுப்பிலிருந்து அந்த நிரலைத் தூக்கிவிட்டார்கள். அந்த உத்தி பொய்யா? கிடையாது. அணிப் பெருக்கல் செய்கிற எவருக்கும் அது இன்றும் சோறு போடுகிறது. எண் என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் ஏறியது. எது ஏமாற்று, எது பொறியியல் என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அதோடு, ஸ்பெக் எண் ஒரு பெருக்குச் சராசரி. பத்து நிரல்களில் ஒன்பது அப்படியே கிடக்க, ஒன்று மட்டும் இரண்டு மடங்கு வேகமானால் மொத்தம் சுமார் 7 சதவீதம் ஏறும். இந்த 7 சதவீதத்துக்குத்தான் யூடியூபில் அத்தனை அடிதடி. அந்த ஒரு நிரலை நீங்கள் வாழ்க்கையில் ஓடவிடப் போவதே இல்லை என்றால் உங்களுக்கு அதனால் என்ன?

யோக்கியன் மாதிரி பேசுகிறேன், நானும் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஸ்கோர் அதிகம் என்று சர்வர்கள் வாங்கப் பரிந்துரைத்தவன் நான்தான். எங்கள் டேட்டாபேஸ் பெரும்பாலான நேரம் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்தது. புது பிராசஸர்களும் கூடவே காத்துக் கிடந்தன, முன்பைவிட வேகமாக. இரவு பேட்ச் ஜாப் முடிகிற நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. எங்கள் குவெரிகளை ஒரு நாள் அதில் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் ஓட்டவில்லை. நம்பர் இருந்ததே.

நண்பருக்குத் தினமும் ஜாவா பில்ட்தான் வேலை. உங்கள் புராஜெக்டையே ஒரு தடவை அதில் பில்ட் பண்ணிப் பாருங்கள், பேட்டரியிலும் சார்ஜரிலும் தனித்தனியாக, என்றேன். "கடையில பென்டிரைவ் சொருகவே விட மாட்டாங்க பாஸ்" என்றார். டீம் குரூப்பில் கேட்டுப் பார்த்தோம். அந்த மாடல்களில் ஒன்றை ஒருவர் வைத்திருந்தார். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம்.