மண்ணைத் தொட்டால் மானக்கேடா?

“பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, மண்ணைக் கிளற அனுப்பினோமா?”

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பட்டாபிராமிலும், ஆலை வேலை முடித்து வீடு திரும்பும் தோழர்கள் சிலர் இப்படிக் கேட்கக் காண்கிறோம். ஆறு வயது மகள் வாசற்படியிலே உட்கார்ந்திருக்கிறாள். கையிலே கொட்டாங்கச்சி, அதிலே மண், மண்ணிலே நாலைந்து பச்சைப்பயறு. “வெயில்லே வைக்கணுமாம்ப்பா, டீச்சர் சொன்னாங்க” என்கிறாள். தகப்பனுக்குச் சுருக்கென்கிறது. பாட்டன் பண்ணையார் வயலிலே மண் கிளறினான். நாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறோம். இவளாவது எழுதுகோல் பிடிப்பாள் என்று பார்த்தால், இவள் கையிலும் மண்ணா என்று மனம் குமுறுகிறான்.

அந்தக் குமுறலை எள்ளி நகையாட நாம் தயாராக இல்லை. அதற்கோர் வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டிலே, ஆச்சாரியார் ஆட்சியிலே, அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. முடிதிருத்துவோர் பிள்ளைக்குக் கத்தி, சலவைத் தொழிலாளியின் பிள்ளைக்கு வெள்ளாவி, குயவர் பிள்ளைக்குச் சக்கரம்! குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடு கொதித்தெழுந்தது. 1954இலே காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தச் சூடு கண்ட தமிழன், பள்ளிக்கூடத்திலே மண்வெட்டியைக் கண்டால் முகம் சுளிக்கத்தான் செய்வான். சுளிக்கட்டும். ஆனால் சுளித்த முகத்தோடு கொட்டாங்கச்சியையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்கிறோம்.

உன் அப்பன் செய்ததைச் செய், ஏன் என்று கேளாதே என்றது குலக்கல்வி. இந்தக் கொட்டாங்கச்சியோ, ஏன் என்று கேள் என்கிறது. கேட்டுவிட்டு, வாத்தியார் சொன்னார் என்பதற்காகவும் நம்பாதே, பத்து நாள் பொறுத்து உன் கண்ணாலே பார் என்கிறது. இரண்டும் ஒன்றாகுமா?

அப்படி என்னதான் பார்க்கிறது குழந்தை? கொட்டாங்கச்சி இரண்டு. இரண்டிலும் அடியிலே ஒரு துளை, ஒரே மண், ஒரே அளவு விதை, நாள்தோறும் ஒரே அளவு தண்ணீர். ஒன்று வெயில் படும் சன்னலிலே. மற்றொன்று, செருப்பு வாங்கும்போது கொடுத்த அட்டைப் பெட்டிக்குள்ளே. வேறுபாடு ஒன்றே ஒன்று, வெளிச்சம். இந்த ‘ஒன்றே ஒன்று’ என்பதிலேதான் சூட்சுமமே இருக்கிறது. மண்ணையும் மாற்றி, தண்ணீரையும் மாற்றி, வெளிச்சத்தையும் மாற்றிவிட்டால், எதனாலே எது விளைந்தது என்று யார் சொல்வது? இயந்திரம் பழுதானால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆலைத் தோழருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் நாளோ பத்தாம் நாளோ பெட்டியைத் திறக்கிறார்கள். அங்கேதான் வேடிக்கை! இருட்டிலே கிடந்த பயிர் செத்திருக்கும் என்றுதான் பெரியவர்கள் எண்ணியிருப்பார்கள். சாகவில்லை. வெயிலிலே நின்றதைவிட உயரமாக வளர்ந்து நிற்கிறது! “இருட்டுதான் நல்லது, டீச்சர்!” என்று கூவுகிறது குழந்தை. அவசரப்பட்ட ஆசிரியர், “தப்பு! வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வளராது என்று புத்தகத்திலே போட்டிருக்கிறது, எழுதிக்கொள்” என்று அடக்கிவிட்டாரானால், அன்றோடு தீர்ந்தது. கண்ணை நம்பாதே, ஏட்டை நம்பு என்ற பழைய பாடத்தையே மறுபடி கற்றுக்கொண்டு குழந்தை வீடு திரும்பும்.

நல்லாசிரியர், “இன்னும் கொஞ்சம் பார்” என்பார். நிறம் என்ன? வெளிறிய மஞ்சள். தண்டு? நூலாய் இளைத்து, நிற்கமாட்டாமல் சாய்கிறது. இலை? சரியாக விரியவே இல்லை. வெயிலிலே நிற்பது குட்டைதான். ஆனால் பச்சைப் பசேலென்று, தடித்த தண்டும் அகன்ற இலையுமாக நிற்கிறது. உயரம் வேறு, வளம் வேறு என்று அந்தப் பிஞ்சு உள்ளத்துக்குப் புரிகிறது. (பதவியிலே உயர்ந்த சிலரைப் பார்க்கும்போதும் இந்தப் பயிர் நம் நினைவுக்கு வருவதுண்டு, அது கிடக்கட்டும்.)

வெளிச்சம் இல்லாமலே அது எப்படி வளர்ந்தது? விதைக்குள்ளே தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு இருக்கிறது. பயறு உடைந்தால் இரண்டாகப் பிளக்கிறதே, அந்தப் பருப்புதான் அது. அதைத் தின்றுகொண்டு, வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடி, உள்ள பலத்தையெல்லாம் நீளத்திலே செலவிடுகிறது இருட்டுப் பயிர். கட்டுச்சோறு தீர்ந்தால் கதை முடிந்தது. தீருமுன் வெயிலுக்கு எடுத்து வந்தாலோ, ஓரிரு நாளிலே மஞ்சள் பச்சையாக மாறுவதைக் குழந்தை தன் கண்ணாலேயே காணும்.

பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரத்துத் தாய்மார்களைக் கேளுங்கள். முளைப்பாரி போட்ட கதையைச் சொல்வார்கள். சட்டியிலே மண்ணும் எருவும் இட்டு, ஊறவைத்த பயறும் தானியமும் தூவி, வெளிச்சம் புகாத அறையிலே வைத்து, நீர் தெளித்து வளர்த்து, திருவிழா நாளிலே தலையில் சுமந்து ஊர்வலம் போவார்கள். நெடுநெடுவென்று மஞ்சளாய் நிற்கும் முளையைக் காட்டி, அம்மன் அருள் என்பார்கள். அருளா, இருளா? இருள்தான் என்று இரண்டு கொட்டாங்கச்சி காட்டிவிடும். ஆனால், தோழரே, அந்தத் தாயைக் கேலி பேசிப் பொழுதை வீணாக்காதீர். இருட்டிலே பயிர் வளர்க்கும் பக்குவம் அவர் கைக்குத் தெரியும். காரணத்தை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்து, குழந்தைகளின் நடுவே உட்கார வைத்து, விதை ஊறவைப்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அவரே ஆசிரியர்!

வெயிலிலே நின்ற செடிக்கு மட்டும் சோறு எங்கிருந்து வருகிறது? மண்ணைத் தின்றுதான் மரம் வளர்கிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பிற்று. வான் ஹெல்மான்ட் என்ற ஐரோப்பிய அறிஞர், 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துத் தொட்டியிலே போட்டார். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தண்ணீர் மட்டுமே ஊற்றி ஐந்தாண்டு காத்திருந்தார். மரம் 169 பவுண்டாயிற்று. மண்ணோ, 2 அவுன்சு அளவே குறைந்திருந்தது! அவர் மறைந்த பின், 1648இலே இது நூலாக வெளிவந்தது. மண்ணைத் தின்னவில்லை என்று மெய்ப்பித்தவர், அத்தனையும் தண்ணீரே என்று முடிவு கட்டிவிட்டார். சுற்றிலும் இருந்த காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1779இலே இங்கன்ஹூஸ் என்ற டச்சு மருத்துவர், தண்ணீருக்குள் வைத்த இலை வெயிலிலே குமிழி விடுகிறது, இருட்டிலே நிறுத்திவிடுகிறது என்று காட்டினார். வேலம்பாசியைக் கண்ணாடித் தம்ளர் நீரிலே போட்டு வெயிலில் வைத்தால் நம் குழந்தைகளும் அந்தக் குமிழியைப் பார்க்கலாம். பாசியைப் பெரியவர் எடுத்து வரட்டும். பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அனுப்ப வேண்டாம்.

ஆக, இலைதான் பட்டறை. வேர் ஏற்றி அனுப்பும் தண்ணீரும் காற்றிலுள்ள கரியமிலவாயுவும் கச்சாப்பொருள். பச்சையம் இயந்திரம். வெயிலே மின்சாரம். செய்து முடிக்கும் சரக்கு சர்க்கரை; வெளியே விடும் பிராணவாயுவைத்தான் நாம் மூச்சாக இழுக்கிறோம். கதிரவன் சாய்ந்தால் ஷிப்டு முடிந்தது. 1965இலே விஜயந்தா டாங்கியைச் செய்து வெளியே அனுப்பிய ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையின் தோழர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சொன்னால் புரியாதா?

இத்தனை எளிதாக, காலணாச் செலவில்லாமல் ஆக வேண்டியதை என்ன ஆக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! ‘ப்ராஜெக்ட்’ என்று ஒரு சீட்டு வருகிறது. தகப்பன் கடைக்கு ஓடுகிறான். தெர்மோகோல் அட்டை, பிளாஸ்டிக் செடி, மஞ்சள் தாளில் வெட்டிய சூரியன், ஒட்டுவதற்குப் பசை. இரவு ஷிப்டு முடித்து வந்தவன் கண் எரிய எரிய ஒட்டுகிறான், குழந்தை தூங்கிவிடுகிறது. மறுநாள் தகப்பனின் வேலைக்கு மகளுக்கு மதிப்பெண்! பணமுள்ளவன் செய்து வைத்ததையே விலைக்கு வாங்கி விடுகிறான். அவன் பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பெண். வளராத செடியை வைத்து வளர்ச்சியைக் கற்பிக்கும் இந்தக் கூத்துக்குக் கல்வி என்றா பெயர்? விதையிலே அந்த ஏமாற்று செல்லாது. முதலாளி மகன் விதைத்தாலும் துப்புரவுத் தொழிலாளி மகள் விதைத்தாலும், பயறு முளைக்க எடுத்துக்கொள்ளும் நாள் ஒன்றே.

செய்து கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003இலே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். பாயிலே வட்டமாக அமர்ந்து, அட்டையெடுத்து, தரையை ஒட்டிய கரும்பலகையிலே தாமே எழுதிப் பிள்ளைகள் கற்றனர். 2007இலே அது மாநிலமெங்கும் பரவிற்று. கொரோனாக் காலத்து இடைவெளியை நிரப்ப, 2022 சூன் 13ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலேதான் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் திருச்சிக் காட்டூரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுசெல்கிறது. ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கருவி வண்டி வேண்டியதில்லை. கொட்டாங்கச்சி போதும், கொஞ்சம் மண்ணும் வெயிலும் போதும்.

வெயிலுக்கா நம் ஊரிலே பஞ்சம்! மண்ணுக்குத்தான் பஞ்சம் வந்துவிட்டது. 2019இலே ஆவடி மாநகராட்சியாயிற்று. வீடும் தெருவும் நெருங்கின. பள்ளி முற்றத்தையும் சிமெண்டுக் கல் பதித்து மூடுவதே முன்னேற்றம் என்று எண்ணுகிறவர்கள் பெருகினர். திறப்பு விழாக் கல்வெட்டுக்கு இடம் இருக்கிறது, அதிலே பத்துப் பெயர் பொறிக்க இடம் இருக்கிறது, ஓர் அவரைக்கொடிக்கு இடம் இல்லையாம்! சுவர் சுவராகச் சூரியனை எழுதிய கைகள் நம் தோழர்களின் கைகள். அந்தச் சூரியன் பள்ளி முற்றத்திலே விழுகிற இடத்தைக் காப்பது யார் வேலை?

வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதிலே முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவதற்காக அமைத்த குழு அல்ல அது. 1955 சனவரியிலே இதே ஆவடியிலே காங்கிரசார் கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அது பெரிய தீர்மானம். நாம் கேட்பது சின்னஞ்சிறு தீர்மானம். அடுத்த குழுக் கூட்டத்திலே எழுந்து நின்று சொல்லுங்கள், தோழர்களே: கிழக்குச் சுவரோரம், காலை வெயில் விழும் இடத்திலே, எட்டடிக்கு நாலடி மண்ணை மூடாமல் விட வேண்டும், சித்திரை வெயிலிலே முளை கருகிவிடும், ஆகவே சூனிலே பள்ளி திறந்து வெயில் தணிந்ததும் விதைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றுவது ஒன்றாம் வகுப்பு.