கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வீட்டு ஸ்டூடியோ: குரல் பதிவுக்கு எந்த மைக் வாங்கலாம்?

நாமக்கல் மாவட்டம் பேளுக்குறிச்சி சனிக்கிழமைச் சந்தையில் மிளகு, சீரகம், வெந்தயம் வாங்க வருபவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அனுபவசாலிகள் மூட்டை மேல் இருக்கும் பேரைப் பார்த்து வாங்குவதில்லை. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்து, அப்புறம்தான் விலை பேசுவார்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் மைக் வாங்கும்போது மட்டும் இந்தப் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை. பெரிய யூடியூபர்களின் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு உருளையைப் பார்த்ததும், “அதுதான் வேணும்” என்று முடிவாகிவிடுகிறது.

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. முதல் வேலையில் இருக்கும் ஒருவருக்கு அந்த மைக் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். வாங்கிப் பேசிப் பார்த்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் கூடவே “உஸ்ஸ்” என்று இரைச்சலும் ஏறும். மைக் மேல் தப்பே இருக்காது. ஆனாலும் பாட்டு, டப்பிங், பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம் என்று கனவோடு ஆரம்பித்தவர், “நம்ம குரல் சரியில்லை போல” என்று பெட்டியை மூடி வைத்துவிடுவார். உண்மையான நஷ்டம் அதுதான்.

வீட்டில் உட்கார்ந்து நல்ல பதிவு எடுக்க முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துத்தான் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஸ்டூடியோவை அமைத்தார். அங்கே நல்ல கருவிகள் இருந்தன என்று சொல்வீர்கள். சரி, இன்னும் எளிய உதாரணம் பார்க்கலாம். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வாடகை வீட்டு அறையில், நான்கு தடம் பதியும் டீயாக் கேசட் ரெக்கார்டரில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். மைக் இரண்டே இரண்டு ஷூர் எஸ்.எம்.57. அப்புறம் இசைக்குழுவோடு பெரிய ஸ்டூடியோவில் மறுபடி பாடிப் பார்த்தும் அந்த வீட்டுப் பதிவின் உயிர் வரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது.

அதே 1982-ல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் குரலுக்குப் பயன்படுத்திய மைக்கும் டைனமிக் வகைதான்: ஷூர் எஸ்.எம்.7. இன்றைக்கு யூடியூபில் எல்லார் முகத்துக்கு முன்னாலும் நிற்கும் எஸ்.எம்.7பி அதன் பேரப்பிள்ளை. ஒரே வருஷம், ஒரே கம்பெனி; ஒன்று வீட்டு அறை, மற்றொன்று உலகத் தரமான ஸ்டூடியோ. டைனமிக் மைக் ‘மேடைக்கு மட்டும்தான்’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

டைனமிக் என்றால் என்ன?

ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பினால் டைனமிக் மைக். மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். குரல் சவ்வை அசைக்கும். சுருள் காந்தப் புலத்துக்குள் ஆடும். சிறு மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான். உள்ளே மின்னணுப் பாகம் ஏதும் தேவையில்லை, 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் வேண்டாம். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மழைக்கால ஈரத்துக்கும் அவ்வளவாக அசராது. மலையடிவாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

கண்டென்சர் மைக் வேறு ஜாதி. சவ்வு இன்னும் மெல்லியது, உள்ளேயே பெருக்கி உண்டு. அதனால் நுணுக்கமாகக் கேட்கும். எவ்வளவு நுணுக்கம்? பலரும் முதலில் வாங்கும் ஆடியோ டெக்னிகா ஏ.டி.2020 என்ற கண்டென்சர், அதே சத்தத்துக்கு ஷூர் எஸ்.எம்.58 தருவதைப் போல ஏழு மடங்கு மின்னழுத்தம் தரும்.

இங்கேதான் ஒரு பாதி உண்மை உலவுகிறது. “டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும்” என்கிறார்கள். வடிகட்டாது. உங்கள் குரல் எது, பக்கத்து வீட்டு மிக்ஸி எது என்று மைக்குக்குத் தெரியாது. குறைவாகக் கேட்கிறது என்றால் இரண்டையும் சேர்த்தேதான் குறைவாகக் கேட்கிறது. உண்மையில் உதவுவது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்ததை 5 செ.மீ. ஆக்கினால் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். வெளியே கத்தும் சில்வண்டு அதே அளவில்தான் இருக்கும். இடைவெளியைக் குறைத்ததாலேயே குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 12 டெசிபல் லாபம்.

அப்படியானால் கண்டென்சரையும் 5 செ.மீ.யில் வைத்துப் பாடலாமே? பாடலாம்தான். ஆனால் மூச்சுக்காற்று, ‘ப’, ‘ட’ சத்தங்களின் அடி, எச்சில் ஈரம் எல்லாம் அதன் மேல் நேராக விழும். டைனமிக் மைக்கோ வாயோடு ஒட்டிப் பாடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதனால்தான் ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் கூரை, ரோட்டோரத்து மாடி அறை என்று இருப்பவர்களுக்கு டைனமிக் சரியான முதல் மைக். சத்தம் புகாத, எதிரொலி இல்லாத அறை வைத்திருப்பவர் கண்டென்சர் வாங்கிக்கொள்ளட்டும். அப்படிப்பட்ட அறை எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

நெருங்கிப் பாடுவதில் ஒரு பக்க விளைவும் உண்டு. வாய் அருகே போகப்போக அடித்தொனி தடிக்கும். ஆண் குரல் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி ஆகும். சிலருக்கு அது அழகு. கனத்த குரல் உள்ளவருக்கு ‘கொழகொழ’ என்று ஆகிவிடும். ஒரு விரல் தூரம் தள்ளி நின்றால் சரியாகும்.

விலை உயர்ந்ததற்கு முன் யோசிக்க வேண்டியது

எஸ்.எம்.7பி நல்ல மைக். அதில் சண்டையில்லை. ஆனால் அது மிகவும் மெதுவாகப் பேசும் மைக். எஸ்.எம்.58-ஐ விடவும் 4 முதல் 5 டெசிபல் குறைவாகத்தான் சிக்னல் தரும். குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் தரக்கூடிய கருவி வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அந்த அளவு தரவில்லை என்றால் குமிழைக் கடைசி வரை திருக வேண்டியிருக்கும். மலிவான கருவிகளில் கடைசி சுற்றில்தான் இரைச்சல் குடியிருக்கிறது. உதாரணமாக, நம் ஊரில் அதிகம் விற்ற ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறையின் பெருக்கம் 56 டெசிபல்தான். மெதுவாகப் பாடுபவருக்கு இது போதாது. உடனே நடுவில் மாட்டும் ‘கிளவுட்லிஃப்டர்’ போன்ற இன்னொரு பெட்டி வாங்கச் சொல்வார்கள். செலவு மேல் செலவு.

எஸ்.எம்.58 வந்தது 1966-ல். எஸ்.எம்.7பி-யின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; பேச்சுக்கும் பாட்டுக்கும் இது தாராளம். மிச்சமாகும் பணத்தில் நல்ல பெருக்கம் தரும் இன்டர்ஃபேஸ், உறுதியான ஸ்டாண்ட், எக்ஸ்.எல்.ஆர் கேபிள், காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் எல்லாம் வாங்கிவிடலாம். முதல் ஸ்டூடியோவுக்கு இந்த வழிதான் புத்திசாலித்தனம். இதையும் விட மலிவாக வேண்டுமென்றால் சென்ஹைசர் இ835, பெரிங்கர் எக்ஸ்.எம்.8500 இரண்டையும் பார்க்கலாம்.

இன்டர்ஃபேஸே வேண்டாம், லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்பவருக்கு சாம்சன் கியூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் மாதிரி யு.எஸ்.பி, எக்ஸ்.எல்.ஆர் இரண்டு வாயும் உள்ள டைனமிக் மைக்குகள் ஏற்றவை. இந்த சாம்சனுக்கும் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் சாம்சங்குக்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு நேராக லேப்டாப்பில் செருகலாம். நாளைக்கு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக் அதிலும் வேலை செய்யும்.

மைக் செட் கடை மைக்கைக் கொண்டுவந்து பதியலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உழைத்த டைனமிக் மைக் வீட்டிலும் உழைக்கும். ஆனால் கேபிள் முனையைப் பாருங்கள். தடித்த ஒற்றை ஜாக் என்றால் அதை அப்படியே போன் ஓட்டையில் செருகிப் பயனில்லை. மூன்று ஊசி எக்ஸ்.எல்.ஆர் முனை உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது. நீளமான கேபிளில் வரும் “ஙொய்” என்ற கரண்டு இரைச்சலையும் அந்த இணைப்புதான் தடுக்கும்.

ஃபேனும் முட்டை அட்டையும்

மைக்கை விடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டுவது அறை. நாமக்கல் மாவட்டத்தில் எது கிடைக்கிறதோ இல்லையோ, முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. அதனால் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ‘ஸ்டூடியோ’க்கள் உருவாகின்றன. பார்க்க ஸ்டூடியோ மாதிரிதான் இருக்கும். சத்தத்தை உறிஞ்சுவதற்கு வேண்டிய தடிமனும் அடர்த்தியும் அதில் இல்லை. வெளிச்சத்தத்தை அது துளியும் நிறுத்தாது. போதாக்குறைக்கு, ஒயர்கள் ஓடும் அறையில் சீக்கிரம் தீப்பிடிக்கும் காகிதம்.

பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிடலாம், ஆனால் அது மெல்லியது. உச்சத்தொனி எதிரொலியை மட்டும் கொஞ்சம் தணிக்கும். இலவம்பஞ்சு மெத்தையோ தடித்த ரஜாயோ இருந்தால் அதுதான் பொக்கிஷம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் பக்கத்தில் பாடினாலும் பலன் தெரியும்.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டுவார்கள். கார்டியாய்டு வகை மைக் முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் காது மந்தம். அதன் முன்பக்கம் பார்ப்பது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். எனவே முதல் மெத்தை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும்.

அடுத்தது சீலிங் ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு எத்தனை டேக் பாட முடியும்? மைக்கை நெஞ்சுக்கு நேராகக் கீழே வைத்து, வாயைப் பார்த்து மேலே சாய்த்தால் அது வாயோடு சேர்த்து ஃபேனையும் பார்க்கிறது. அதையே நெற்றி உயரத்தில் வைத்து, வாயைப் பார்த்துக் கீழே சாய்த்துவிடுங்கள். இப்போது மைக்கின் மந்தமான பின்பக்கம் ஃபேனைப் பார்க்கும். மூச்சுக்காற்றும் நேராக அடிக்காது. காசே இல்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது. ஷூர் பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டு மைக் வைத்திருப்பவர் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதன் செவிட்டுப் பகுதி நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் இரு ஓரங்களிலும் இருக்கிறது. சாய்வைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தும் ஆடி மாதத்துக் கோயில் குழாய் ஸ்பீக்கரை எந்த மைக்கும் வெல்லாது. அந்த நாட்களில் பதிவு ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான்.

வாங்கும் முன், வாங்கிய பின்

எஸ்.எம்.58-க்குப் போலிகள் அதிகம். ஷூர் நிறுவனமே இது பற்றி வாடிக்கையாளர்களை எச்சரித்து வருகிறது. பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’ என்று யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் பில் இல்லாமல் வாங்காதீர்கள். கேபிள் இல்லாமல் உண்மையான மைக்கின் எடை 298 கிராம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே போதும், கணிசமாகக் குறைந்தால் விஷயம் இருக்கிறது. எடை சரியாக இருப்பதாலேயே ஒரிஜினல் என்று ஆகிவிடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வாங்கிய அன்றே ஒரு பரிசோதனை. பாடும் அளவுக்குப் பெருக்கத்தை வைத்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, வாயே திறக்காமல் அரை நிமிஷம் பதிவு செய்யுங்கள். பிறகு ஃபேனோடு அரை நிமிஷம். அமேசானின் ஆடியோ புத்தகத் தளமான ஏ.சி.எக்ஸ், பதிவின் அடிநிலை இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அங்கே புத்தகம் விற்கப் போவதில்லை என்றாலும் அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே இதை அளந்துவிடலாம். ஃபேன் இல்லாமலும் மைனஸ் 45-ஐத் தாண்டிக் கீழே போகவில்லை என்றால் மைக்கைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள், ஜன்னலைச் சாத்திப் பாருங்கள். மூன்றிலும் மாற்றமில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியோடு அனுப்பிவிடுவதுதான் வழி. அதனால் அட்டைப் பெட்டியை முதல் வாரத்திலேயே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.