கரையில் ஒரு கண்

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்றதும் கிளம்பிவிடும். அதற்குள் ஒரு தகப்பனாரும் அவர் பெண்ணும் ஓடி வந்து ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள். பெண்ணுக்குப் பதினொரு வயதிருக்கலாம். அவள் மடியிலிருந்த பையிலிருந்து ஒரு துண்டும் நீச்சல் கண்ணாடியும் எட்டிப் பார்த்தன.

"லீவுக்குப் பட்டணத்திலே நீச்சல் கிளப்பிலே சேர்த்திருக்கேன் ஐயா" என்றார் தகப்பனார்.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் அவர். திருநெல்வேலிக்காரர் அல்வா வாங்க வெளியூர் போவதுபோல் இருந்தது எனக்கு. சிரித்துவிட்டேன்.

"நீந்த அதுக்குத் தெரியும். பந்தயத்துக்கு நீந்தத் தெரியணுமில்லே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தண்ணியைப் பத்திப் பயமில்லீங்க. பெத்தவங்க உள்ளே வரக்கூடாதுன்னு கேட்டைச் சாத்திடறாங்க. ரெண்டு மணி நேரம் வெளியே மரத்தடியிலே நிக்கறேன். ஏன்னு கேக்கவும் பயம். கேட்டா, பிள்ளையை ஒதுக்கிடுவாங்களோ?"

வாசகர்களே, இந்தக் கடைசிக் கேள்விதான் இந்த வாரம் என்னைப் பேனா எடுக்க வைத்தது. எத்தனை பெற்றோர் மனத்தில் இது இருக்கிறது, சொல்லுங்கள்!

நம் குற்றாலீஸ்வரனை நினைவிருக்கிறதல்லவா? 1994-ஆம் ஆண்டு, 12 வயதில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தவர். அந்தக் கால்வாயை யார் நீந்தினாலும் பக்கத்தில் ஒரு படகு வரும். படகில் ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். அவர் நீந்துகிறவரின் குருவும் அல்ல, உறவும் அல்ல. பார்த்துக்கொண்டிருப்பதே அவர் வேலை. அவர் இருப்பதால் எந்த வீரருக்கும் கௌரவக் குறைவு ஏற்பட்டதில்லை. அவ்வளவு பெரிய சாதனைக்கே ஒரு கண் வேண்டியிருக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீந்தும் குளத்துக்கு வேண்டாமா?

பிரிட்டனில் பால் ஹிக்சன் என்று ஒருவர். 1988-ல் ஸியோல் ஒலிம்பிக்குக்குப் போன நீச்சல் அணியின் பயிற்சியாளர். அவ்வளவு பெரிய மனிதர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் 1995-ல், தம்மிடம் பயின்ற இளம் பெண்களைக் கெடுத்த குற்றத்துக்காக அவருக்குக் கோர்ட்டு 17 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்த நாடே அதிர்ந்தது. விளையாட்டில் குழந்தைகளைக் காப்பதற்கென்றே 2001-ல் அங்கே ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது.

"அது சீமையிலே நடந்த கதை" என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். 2019-ல் நம் நாட்டிலேயே, 15 வயது நீச்சல் வீராங்கனை ஒருத்தி தன் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்தாள். போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள்.

எல்லாப் பயிற்சியாளரும் இப்படியா? இல்லவே இல்லை. விடியற்காலையில் எழுந்து வந்து, ஊரார் பிள்ளையைத் தம் பிள்ளைபோல் பாவிக்கிற எத்தனையோ நல்லவர்கள் இருக்கிறார்கள். நல்ல விதிகள் அவர்களுக்கும் கவசம்தான். வீண் பழி அவர்களை அண்டாது.

என்ன விதிகள்? பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை.

பயிற்சி நேரத்தில் பெற்றோர் தள்ளி உட்கார்ந்து பார்க்க இடம் வேண்டும். ஆனால் பயிற்சியில் குறுக்கே பேசக்கூடாது! சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனியே இருக்கலாகாது. பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குள் பெரியவர்களும் போகக்கூடாது, செல்போனும் போகக்கூடாது. கையைப் பிடித்து, காலைப் பிடித்துக் கற்பிக்க வேண்டியிருந்தால், முன்னதாகச் சொல்லிவிட்டு எல்லோரும் பார்க்கச் செய்ய வேண்டும். பிள்ளைக்கு அனுப்பும் செய்தி பெற்றோருக்கும் வர வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பிள்ளைகளுக்கு அறை வேறு, பெரியவர்களுக்கு அறை வேறு.

தண்ணீருக்கும் ஒரு வார்த்தை. மூழ்குகிற குழந்தை கூச்சல் போடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. ஆகையால், கற்றுக்கொடுப்பவர் ஒருவராகவும் காவல் பார்ப்பவர் வேறொருவராகவும் இருப்பது நல்லது. "யார் அதிக நேரம் மூச்சடக்குவது?" என்ற பந்தயம் அடியோடு கூடாது. நன்றாக நீந்துகிறவர்களே அதில் நினைவிழந்து போயிருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இது: "யாராயிருந்தாலும், உனக்குப் பிடிக்காதபடி தொட்டால் 'மாட்டேன்' என்று சொல். 'அம்மாவிடம் சொல்லாதே' என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்." ஆண் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள். ஆபத்து ஆண் பெண் பார்ப்பதில்லை.

குழந்தை ஏதாவது சொல்ல வந்தால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் அதன் வாய் அடைத்துவிடும். பொறுமையாகக் கேளுங்கள், நம்புங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாக் குழந்தைகளையும் காக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மூடி மறைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். "குடும்ப மானம் போய்விடுமே" என்று தயங்க வேண்டாம். குற்றம் செய்தவனுக்குத்தான் மானக்கேடு, குழந்தைக்கு இல்லை.

இதில் பாதியை அன்றைக்கு அந்தத் தகப்பனாரிடம் சொல்லி, "தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே ரயிலில் சந்தித்தோம். மனிதர் முகத்தில் களை இருந்தது.

"ஏழு பேர் சேர்ந்து போய்க் கேட்டோம் ஐயா. முதல்லே முறைச்சாங்க. அப்புறம் ஒரு பெஞ்சு போட்டுட்டாங்க. நாங்களும் பாடு வெச்சுக்கிட்டோம்."

"பாடா?"

"எங்க ஏரியிலே வழக்கம் ஐயா. நல்ல இடத்திலே வலை போட ஆளுக்கு ஒரு நாள் முறை. அதுக்குப் பேர் பாடு. அதே மாதிரி, தினம் ரெண்டு பேர் உள்ளே உட்கார்ந்து எல்லாப் பிள்ளைங்களையும் பார்த்துக்கறோம். இன்னிக்கு என் பாடு."

ஏழு பேர் சேர்ந்ததும் கதவு திறந்துவிட்டது, பார்த்தீர்களா? உங்கள் பிள்ளை நீந்தும் குளத்தின் கரையில் இன்று யாருடைய பாடு?